குவார்க்-குளுவான் பிளாஸ்மாவுக்குப் பதம் பார்ப்பது எப்படி: மடிக்கணினியோடு தொடங்குபவர்களுக்கு

சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் அடுப்புப் போட்டு என் அத்தை கருப்பட்டி காய்ச்சுவார். பதநீர் கொதிக்கத் தொடங்கியதும் அகப்பையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே எடுப்பார். முதலில் அகப்பையை எடுத்த பிறகும் சட்டிக்குள் சுழி ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆகச் சுழி சீக்கிரமாக அடங்கும். கடைசியில் அகப்பை நின்ற இடத்திலேயே பாகும் நின்றுவிடும். "சுழி செத்துப்போச்சுப்பா, சிரட்டையை எடுத்து வை" என்பார். பாகுநிலை என்ற சொல்லைப் பதினோராம் வகுப்பில் படிப்பதற்கு முன்பே எனக்கு அந்த விஷயம் இப்படித்தான் தெரியும்.

உலகத்திலேயே மிகச் சூடான பாய்மத்துக்கும் இதே முறையில்தான் பதம் பார்க்கிறார்கள். ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அந்த அசைவில் கடைசிவரை எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள், அதில் எந்தப் பகுதியை மண்டபத்திலோ கீழக்கரையிலோ உட்கார்ந்து ஒரு சாதாரண மடிக்கணினியில் நீங்களே செய்து பார்க்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இளங்கலை இயற்பியல் முதல் வருடம் முடித்திருந்தால் போதும். கொசைனும் சராசரியும் தெரிய வேண்டும். கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் நல்லது.

அளக்கப்போகும் பொருள் எது

காரீய அணுக்கரு ஒன்றில் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். அப்படி இரண்டு அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டால், மோதிய இடத்தில் வெப்பநிலை இரண்டு லட்சம் கோடி டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் புரோட்டானும் நியூட்ரானும் தனித்தனி உருண்டைகளாக இருக்க முடியாது. உள்ளே இருக்கும் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் ஒரே குழம்பாகிவிடும். அதுதான் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. கணிப்பின்படி இந்த மாற்றம் நிகழும் வெப்பநிலை சுமார் 156 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1.8 லட்சம் கோடி கெல்வின். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உள்ள ரிக் மோதுவியில் 2000-இல் தங்க அணுக்கருக்களை மோதவிடத் தொடங்கினார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், எல்எச்சி மோதுவியில், 2010 நவம்பரில் இருந்து காரீயம்.

இந்தக் குழம்பின் அகலம் பத்து ஃபெம்டோமீட்டர் அளவுதான். ஆயுளோ ஒரு வினாடியில் 10⁻²³ என்ற கணக்கில். அதற்குள் எந்தக் கருவியையும் விட முடியாது. குழம்பு விரிந்து, ஆறி, மறுபடி துகள்களாக உறைந்து சிதறிய பிறகு அந்தத் துகள்கள் மட்டும்தான் நம் கைக்கு வரும். மையத்தில் நேராக மோதிய ஒரு காரீய மோதலில் இருந்து ஆயிரக்கணக்கான துகள்கள் பறந்து வரும்.

இந்த விஷயத்தில் எனக்குள்ள பிடிப்புக்கே காரணம் இதுதான்: போய்விட்ட பொருளின் குணத்தை, அது விட்டுப்போன அசைவிலிருந்து படித்துவிட முடிகிறது.

முதல் படி: எந்த எண்ணைத் தேடுகிறோம்

பாகுநிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் குழப்பம் வரும். இந்தப் பிளாஸ்மாவின் பாகுநிலை பாஸ்கல்-வினாடி அலகில் 10¹¹ என்ற அளவில் இருக்கிறது. தண்ணீருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. அப்படிப் பார்த்தால் பிளாஸ்மா பாறையைப்போல இறுகியது என்றுதான் தோன்றும். ஆனால் இது தாங்கமுடியாத அடர்த்தியும் சூடும் உள்ள பொருள். எனவே பாகுநிலையை அதே கன அளவில் உள்ள என்ட்ரோபியால் வகுத்து ஒப்பிட வேண்டும். இந்தத் துறையில் "பாகுநிலை" என்று யார் பேசினாலும் பெரும்பாலும் இந்த விகிதத்தைத்தான் சொல்கிறார்கள். கட்டுரைகளில் கிரேக்க எழுத்து ஈட்டாவின் கீழே எஸ் போட்டு எழுதியிருப்பார்கள்.

இயற்கை அலகில் இந்த விகிதம் அறை வெப்பநிலைத் தண்ணீருக்குச் சுமார் 30. பிளாஸ்மாவுக்கு 0.1-ஐ ஒட்டி வருகிறது. அதாவது தண்ணீரைவிட முந்நூறு மடங்கு சுலபமாக ஓடும். கோவ்டுன், சன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் 2005-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று, இந்த விகிதம் ஒன்றின் கீழ் நான்கு பை, அதாவது சுமார் 0.08-க்குக் கீழே போகாது என்று ஊகித்தது. பிளாஸ்மா அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதே 2005-இல்தான் ரிக் குழுவினர், தாங்கள் எதிர்பார்த்தது வாயு, கிடைத்ததோ ஏறக்குறைய குறையற்ற திரவம் என்று அறிவித்தார்கள்.

இரண்டாம் படி: தள்ளியது யார்

அத்தைக்கு அகப்பை இருந்தது. இங்கே அகப்பை எது? மோதலின் வடிவம்தான்.

இரண்டு தட்டுகளைப் பாதி ஒன்றின்மேல் ஒன்று படும்படி வையுங்கள். இரண்டும் சேர்ந்து மறைக்கும் பகுதி வட்டமாக இருக்காது. மேலிருந்து பார்த்த வள்ளம்போல, இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். சற்று விலகி மோதும் அணுக்கருக்களிலும் பிளாஸ்மா உருவாகும் இடம் அந்த வடிவம்தான். வாலிநோக்கம் உப்பளத்தில் நீளவாக்கில் குவித்த உப்பைப் பார்த்திருப்பீர்கள். கொட்டக் கொட்ட உப்பு பக்கவாட்டில்தான் அதிகம் சரியும், நீளவாக்கில் குறைவு. காரணம், குறுக்கே சரிவு செங்குத்து. பிளாஸ்மாவில் சரிவுக்குப் பதில் அழுத்தம். வள்ளத்தின் குறுக்குத் திசையில் அழுத்தம் சட்டென்று குறைவதால் அந்தப் பக்கம் தள்ளு பலமாக இருக்கும். எனவே துகள்கள் குறுக்குத் திசையில் கூடுதலாக வரும். இதை நீள்வட்டப் பாய்வு என்பார்கள். 1992-இல் ஒலித்ரோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இதைத் தேடிப் பார்க்கும்படி முன்மொழிந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் பறந்து போயிருந்தால், ஆரம்பத்து வள்ள வடிவம் அவற்றுக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாத் திசையிலும் ஒரே எண்ணிக்கை வரும். எனவே கூடுதல் குறைவு இருக்கிறது என்பதே, உள்ளே இருந்தது பாய்மம்போல நடந்துகொண்டது என்பதற்கு முதல் அடையாளம். பாகுநிலை கூடினால் இந்தக் கூடுதல் மங்கும்.

இந்தக் கூடுதலுக்கு ஒரு எண் கொடுக்கிறார்கள்: வி-2. வள்ளத்தின் குறுக்குத் திசையில் இருந்து அளந்த கோணத்தை வைத்து வரைந்தால், துகள் எண்ணிக்கை 1 + 2 × வி-2 × கொசைன்(இருமடங்குக் கோணம்) என்ற வடிவில் ஏறி இறங்கும். எல்எச்சியின் ஆலிஸ் ஆய்வுக் குழு 2010-இல் வெளியிட்ட முதல் அளவீட்டில், 40 முதல் 50 விழுக்காடு வரையிலான பிரிவில் இது 0.087. கேட்கச் சின்ன எண். ஆனால் 1.174-ஐ 0.826-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வருவது மற்றத் திசையைவிட 42 விழுக்காடு அதிகம்! 

அந்த "40–50 விழுக்காடு" என்பது மையத்தன்மை. அணுக்கருக்கள் எவ்வளவு விலகி மோதின என்று யாரும் நேரில் பார்ப்பதில்லை. எவ்வளவு துகள் வந்தது என்று எண்ணி, அதிகம் வந்தவற்றை முதலில் வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். முதல் 5 விழுக்காடு நேர் மோதல்கள், கடைசியில் இருப்பவை ஓரம் உரசியவை. அவ்வளவுதான்.

மூன்றாம் படி: கணினியில் போலி மோதல் செய்யுங்கள்

உண்மைத் தரவுக்கு ஓடிப்போக வேண்டாம். விடை தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள்.

ஒரு மோதலுக்கு 500 துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணம் வேண்டும். மோதல்தோறும் வள்ளம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதற்கு ஒரு ரேண்டம் கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் துகளுக்குத் துகள் ஒரு ரேண்டம் கோணம் எடுத்து, கூடவே பூஜ்யத்துக்கும் 1 + 2 × வி-2 என்பதற்கும் இடையே ஒரு ரேண்டம் எண் எடுங்கள். அந்த எண், மேலே சொன்ன கொசைன் வளைவுக்குக் கீழே விழுந்தால் கோணத்தை வைத்துக்கொள்ளுங்கள், மேலே விழுந்தால் தூக்கிப்போடுங்கள். இப்படி ஆயிரம் மோதல். மொத்தம் ஐந்து லட்சம் கோணங்கள். பழைய மடிக்கணினியிலும் சில வினாடியில் முடியும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே மோதலில் ரேண்டம் ஆட்டமே நாம் தேடும் அளவில் பாதிக்கு மேல் இருக்கும். பானை பானையாக வேண்டும்.

அளப்பதற்கு வள்ளத்தின் திசை தெரிய வேண்டியதில்லை. அது எப்படியும் நமக்குத் தெரியாது. இரண்டு துகள்களின் கோண வித்தியாசத்தை எடுத்து, இருமடங்காக்கி, கொசைன் எடுங்கள். எல்லா ஜோடிக்கும் சராசரி, பிறகு எல்லா மோதலுக்கும் சராசரி. அதன் வர்க்கமூலம்தான் வி-2. திசை தானாகவே கழிந்துவிடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. 500 துகளுக்கு ஜோடிகள் ஏராளம் என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கோணத்தையும் இருமடங்காக்கிக் கொசைன்களைத் தனியாகவும் சைன்களைத் தனியாகவும் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகையின் வர்க்கங்களையும் கூட்டி, அதிலிருந்து துகள் எண்ணிக்கையைக் கழித்து, 500 × 499-ஆல் வகுத்தால் ஜோடிச் சராசரி வந்துவிடும்.

"துகள் எண்ணிக்கையைக் கழித்து" என்றேனே, அதை விட்டுவிடாதீர்கள். நான் இதை முதன்முதலில் எழுதியபோது அந்தக் கழித்தலை விட்டுவிட்டேன். கூட்டுத்தொகையை 500-இன் வர்க்கத்தால் நேராக வகுத்தேன். சரிபார்ப்பதற்காக வி-2 பூஜ்யம் என்று வைத்து ஓட்டினேன். விடை 0.045 வந்தது. நிஜ அளவீடுகளில் வரும் எண் மாதிரியே இருந்ததால், ரேண்டம் எண்களில்தான் பிழை என்று இரண்டு நாள் அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். பிழை வேறு இடத்தில். ஒவ்வொரு துகளும் தன்னோடு தானே ஜோடி சேர்ந்திருந்தது. தன்னோடு தனக்குக் கோண வித்தியாசம் பூஜ்யம், கொசைன் 1. அப்படி 500 ஒன்றுகள் உள்ளே புகுந்தால் சராசரி 500-இல் ஒன்று, அதன் வர்க்கமூலம் 0.0447. பாய்வே இல்லாத இடத்தில் பாய்வு தெரிந்தது. அன்றிலிருந்து எந்த நிரலையும் முதலில் பூஜ்யம் வைத்துத்தான் ஓட்டுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பூஜ்யம் பூஜ்யமாக வந்த பிறகு 0.08 வைத்து ஓட்டுங்கள். 0.08-க்கு 0.001, 0.002 முன்னே பின்னே வந்தால் உங்கள் நிரல் சரி.

நான்காம் படி: போலிப் பாய்வைக் களைவது

நிஜ மோதலில் துகள்கள் வேறு காரணத்துக்காகவும் சேர்ந்து பறக்கும். ஒரு துகள் சிதைந்து இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் திசையில் வரும். தெறித்து வரும் துகள்கட்டும் அப்படித்தான். இவை பாய்மத்தின் வேலை அல்ல, ஆனால் ஜோடிக் கணக்கில் நுழைந்துவிடும்.

இதையும் போலி மோதலில் செய்து பாருங்கள். வி-2 பூஜ்யம் வைத்து 250 கோணங்கள் மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே கோணத்தில் ஒரு இரட்டைத் துகள் சேர்த்து 500 ஆக்குங்கள். கழித்தல் எல்லாம் சரியாகச் செய்தாலும் விடை மறுபடி 0.045-ஐ ஒட்டி வரும். இந்தமுறை நிரலில் பிழை இல்லை, இயற்கையே அப்படி.

வழி இரண்டு. முதலாவது, இடைவெளி விடுவது. சிதைவில் பிறந்த இரட்டைகள் கற்றையின் திசையை ஒட்டிப் பார்த்தாலும் பக்கத்தில்தான் இருக்கும். எனவே ஒரு துகளை உணர்கருவியின் இடப்பக்கத்தில் இருந்தும் மற்றதை வலப்பக்கத்தில் இருந்தும் எடுத்து, நடுவில் ஒரு பட்டையை விட்டுவிட்டால் இரட்டைகள் ஜோடி சேர வழியில்லை. இரண்டாவது, நான்கு நான்காகச் சேர்ப்பது. நால்வர் சராசரியில் இருந்து இருவர் சராசரியின் வர்க்கத்தை இருமுறை கழித்தால், இரண்டு பேருக்குள் மட்டும் உள்ள உறவு விழுந்துவிடும், எல்லோரையும் சேர்த்துத் தள்ளிய தள்ளு மட்டும் நிற்கும். விடை எதிர்ம எண்ணாக வரும். குறியை மாற்றி நான்காம் மூலம் எடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன 0.087 இந்த நால்வர் முறையில் கிடைத்ததுதான்.

இருவர் முறையும் நால்வர் முறையும் இடைவெளி விட்ட பிறகும் ஒரே விடை தராது. இருவர் விடை சற்றுப் பெரிதாக நிற்கும். மோதலுக்கு மோதல் வி-2 மாறுவதால் வரும் வித்தியாசம் அது. அதுவும் ஒரு தகவல்தான், தொலைத்துவிடாதீர்கள்.

உணர்கருவியில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்றாலும் போலிப் பாய்வு தெரியும். வலையில் ஓட்டை இருந்த பக்கம் மீன் இல்லை என்று சொல்ல முடியுமா? 60-இல் இருந்து 90 டிகிரி வரை உள்ள கோணங்களை வேண்டுமென்றே நீக்கிவிட்டு நிரலை ஓட்டினால் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று புரியும்.

ஐந்தாம் படி: ஆரம்ப வடிவம்

கடினமான இடம் இதுதான். இங்கே அவசரப்பட வேண்டாம்.

சுழி எவ்வளவு மிஞ்சியது என்று சொல்ல, அகப்பையை எவ்வளவு வேகமாகச் சுற்றினோம் என்று தெரிய வேண்டும். வி-2 என்பது மிஞ்சியது. ஆரம்பத்து வள்ளம் எவ்வளவு நீண்டிருந்தது என்பதை யாரும் அளக்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் ஊகிக்கிறார்கள். 2008-இல் லூசம், ரொமாட்ஷ்கே இருவரும் ஒரே தரவை இரண்டு விதமான ஆரம்ப வடிவங்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு வடிவத்துக்குப் பாகுநிலை விகிதம் 0.08 வந்தது, மற்றதற்கு 0.16. தரவில் குறை இல்லை. ஆரம்பம் தெரியாததால் விடை இருமடங்காக விலகியது. புதிதாக வருபவர்கள் அளவீட்டின் பிழைக்கோடுகளை மட்டும் பார்த்துவிட்டு, இந்தப் பெரிய ஐயத்தைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

எளிய கணிப்பை நீங்களே செய்யலாம். கிளாபர் முறை என்று பெயர். இரண்டு காரீய அணுக்கருக்களிலும் 208 நியூக்ளியான்களை (புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பொதுப்பெயர்) ரேண்டமாக அடுக்குங்கள். ஆரம் 6.62 ஃபெம்டோமீட்டர், ஓரம் 0.546 ஃபெம்டோமீட்டர் அளவுக்கு மெல்ல மங்கும். ஒன்றை ஒன்றின்மேல் விலக்கி வைத்து, 1.43 ஃபெம்டோமீட்டருக்குள் நெருங்கிய நியூக்ளியான்கள் மோதியதாக வைத்துக்கொள்ளுங்கள். 2.76 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு இந்தத் தூரம் பொருந்தும். மோதியவற்றை மட்டும் புள்ளியாக வரையுங்கள்.

வரைந்து பார்த்தால்தான் தெரியும், வள்ளம் ஒழுங்காக இல்லை. இங்கே ஒரு முட்டு, அங்கே ஒரு பள்ளம். நேருக்கு நேர் மோதினாலும் வட்டம் வராது. சிலசமயம் முக்கோணம்போலக்கூட வரும். 2010 வரை பலரும் மிருதுவான நீள்வட்டத்தை மட்டுமே மனதில் வைத்திருந்தார்கள். அதனால் தரவில் தெரிந்த சில மேடுகளுக்கு, ஒலியைவிட வேகமாகப் போகும் துகள் கிளப்பிய அதிர்ச்சிக்கூம்பு என்றெல்லாம் விளக்கம் தேடினார்கள். ஆல்வரும் ரோலண்டும் 2010-இல் இந்த முக்கோணத்தைச் சுட்டிக்காட்டிய பிறகு, அந்த மேடுகளில் பெரும்பகுதி மும்முனைப் பாய்வு, அதாவது வி-3, என்று தெளிவானது. உங்கள் நிரலில் இருமடங்குக்குப் பதில் மும்மடங்கு என்று மாற்றினால் வி-3 கிடைத்துவிடும்.

ஆறாம் படி: பாய்மக் கணக்கோடு ஒப்பிடுவது

பாம்பன் பாலத்தடியில் நின்று பாருங்கள். காற்று ஒரு வீச்சு வீசினால் தண்ணீர்மேல் சிலுசிலுவென்று சிற்றலை எழும். காற்று நின்றதும் அது உடனே மறையும். ஆனால் தென்கடலில் எங்கோ தொலைவில் புயல் கிளப்பிய நீண்ட அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் தெற்குக் கரைவரை வந்து கள்ளக்கடலாக ஏறுகிறது. பாகுநிலை சிற்றலையைத்தான் முதலில் விழுங்கும். அலைநீளம் பாதியானால் அடங்கும் வேகம் நான்கு மடங்கு.

பிளாஸ்மாவிலும் இதே விதி. வி-2 என்பது முழு உருவத்தின் நீண்ட அலை. வி-3 அதைவிடச் சிறியது. வி-4, வி-5 இன்னும் சிறிய முட்டுகள். பாகுநிலை அதிகமானால் வி-5 முதலில் போகும், வி-2 கடைசியில். எனவே ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், எல்லா வி-க்களும் எந்த விகிதத்தில் குறைகின்றன என்று பார்க்கிறார்கள். ஆரம்ப வடிவத்தால் வந்த அந்த இருமடங்கு ஐயத்தைக் குறைத்ததில் வி-3-க்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ஒப்பீட்டுக்குப் பாகுநிலை சேர்த்த சார்பியல் பாய்மக் கணிப்பு வேண்டும். மியூசிக் என்ற நிரல் திறந்த மூலத்தில் கிடைக்கிறது. ஆரம்ப வடிவத்துக்கு ட்ரென்டோ, கடைசியில் துகள்கள் மோதிப் பிரிவதற்கு ஸ்மாஷ். இவற்றை நிறுவ லினக்ஸ் பழக்கம் வேண்டும், நேரமும் பிடிக்கும். முதல் மாதத்திலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

முழு ஆய்வுகளில் பாகுநிலை, அது வெப்பநிலையோடு மாறும் விதம், ஆரம்ப வடிவத்தின் அளவுகள் என்று பல எண்களையும் ஒருசேர மாற்றி மாற்றி ஓட்டி, தரவுக்கு எது பொருந்துகிறது என்று பேய்ஸ் முறை என்ற நிகழ்தகவுக் கணக்கில் தேடுகிறார்கள். பெர்ன்ஹார்ட், மோர்லேண்ட், பாஸ் மூவரும் 2019-இல் இப்படிச் செய்து, விகிதத்தின் மிகக் குறைந்த மதிப்பு 0.085 என்றும், ஐயம் இருபுறமும் சுமார் 0.025 என்றும் கண்டார்கள்.

பாகுநிலை தவிர

எல்எச்சியின் சிஎம்எஸ் குழு, மிக நேராக மோதிய மோதல்களில் துகள் எண்ணிக்கை கூடும்போது சராசரி உந்தம் எப்படிக் கூடுகிறது என்று பார்த்து, பிளாஸ்மாவுக்குள் ஒலியின் வேகத்தை 2024-இல் அளந்தது: ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி. ரிக்கின் ஸ்டார் குழு 2017-இல் லாம்டா என்ற துகள்களின் தற்சுழற்சி ஒரே பக்கம் சாய்வதைக் கண்டு, குழம்பின் சுழி வினாடிக்குச் சுமார் 9 × 10²¹ என்று கணித்தது. 2025 சூலையில் எல்எச்சியில் ஆக்சிஜனையும் நியானையும் மோதவிட்டார்கள். இவ்வளவு சின்ன அணுக்கருவிலும் பாய்மம் உண்டா என்ற கேள்விக்காக. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது.

உண்மைத் தரவுக்குப் போகும் நாள்

போலி மோதலில் நான்காம் படிவரை கை பழகியதும், ஹெப்டேட்டா என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போங்கள். வெளிவந்த அளவீடுகள் எல்லாம் அங்கே அட்டவணையாக இலவசமாகக் கிடைக்கும். ஆலிஸின் 2010 காரீய-காரீய நீள்வட்டப் பாய்வு அட்டவணையை இறக்கி, மையத்தன்மைக்கு எதிராக வி-2-ஐ வரையுங்கள். அதே தாளில் உங்கள் கிளாபர் கணக்கில் கிடைத்த நீட்சியையும், அதாவது வள்ளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற எண்ணையும், வரையுங்கள். நேர் மோதலில் இருந்து பாதி விலகிய மோதல்வரை இரண்டும் சேர்ந்து ஏறும். அதற்கு அப்பால் நீட்சி ஏறிக்கொண்டே போகும், வி-2 நின்றுவிடும். குழம்பு சிறுத்து, ஆயுளும் குறைந்து, தள்ளு முழுதாக அசைவாக மாறுவதற்குள் உறைந்துவிடுவதால் அப்படி. வி-2-ஐ நீட்சியால் வகுத்து மூன்றாவது கோடு ஒன்று போடுங்கள். பாய்மக் கணிப்பாளர்கள் பொருத்திப் பார்ப்பது அந்தக் கோட்டின் சரிவைத்தான்.

செர்னின் திறந்த தரவுத் தளத்தில் காரீய மோதல்களின் மூலத்தரவும் இருக்கிறது. கோப்புகள் பெரியவை, ரூட் என்ற மென்பொருள் தேவை. ஊரில் இணையம் மெதுவாக இருந்தால் ஒரே ஒரு கோப்பை இரவில் இறக்க விட்டுவிட்டுப் படுங்கள். காலையில் அதைத் திறந்து, வேறு எதையும் கணக்கிடும் முன், கோணப் பரவலை மட்டும் வரைந்து பாருங்கள். எந்தப் பக்கம் ஓட்டை என்று அதிலேயே தெரிந்துவிடும்.